நுரையடக்கி திரிகம்பாய்

“நான் ஒரு நாள் கம்பெனிக்குள்ள கால் வைக்கலைன்னு வெச்சுக்குங்க, சூரத்துல இருக்கிற அத்தனை சாயப்பட்டறையும் நுரையில முழுகிடும். தாப்தி ஆத்துல தண்ணி ஓடாது. நுரைதான் ஓடும்!”

அங்கலேஷ்வர் தொழிற்பேட்டைச் சங்கத்தின் தீபாவளிச் சந்திப்பில், ஒரு கையில் மைக்கும் மறு கையில் பாதி கடித்த ஃபாஃப்டாவுமாக திரிகம்பாய் வகாசியா இப்படி முழங்கினார். கூட்டம் கைதட்டியது. அடுத்து மைக்கைப் பிடிக்கப்போகிறவர்கள் எல்லாரும் இன்னும் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள். எங்கள் பேட்டையில் கைதட்டல் என்பது கைமாற்று.

வெளியூர்க்காரர்கள் இதைப் பொய் என்று நினைத்துவிடக்கூடாது. எங்கள் ஊரில் ஒருவர் பத்து என்றால் கேட்பவர் அதை நான்கால் வகுத்துக்கொள்வார். சொல்பவருக்கும் இது தெரியும். அவர் கையில் இருப்பது இரண்டரை; அதனால்தான் பத்து என்கிறார். இரண்டரை என்றே நேர்மையாகச் சொல்கிறவன் கையில் ஒன்றுமே இல்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். இந்த ஒழுங்கான ஏற்பாட்டில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை, ஜெர்மன்காரர்கள் வந்து சேரும்வரை.

திரிகம்பாய் அமரேலிப் பக்கத்தில் பிறந்தார். பெரிய மனிதர்களின் வரலாற்றில் இளமையிலேயே ஒரு அறிகுறி தென்படவேண்டும் என்பார்கள். இவர் விஷயத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. வேதியியலில் பட்டம் வாங்கப் போய், பட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு சோடா உப்பு விற்கச் சூரத்துக்குப் போனார். அங்கே ஒரு சாயப்பட்டறையில், புடவை வெந்துகொண்டிருந்த எந்திரத்திலிருந்து நுரை பொங்கி எழுந்து, மூடியைத் தள்ளிக்கொண்டு, படிக்கட்டில் இறங்கி, முதலாளியின் அறைக்குள் நடந்து போனதைக் கண்ணால் பார்த்தார். வேலையாட்கள் அதன்மேல் மண்ணெண்ணெய் தெளித்தார்கள். நுரை அடங்கியது, புடவை முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கறை. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். திரிகம்பாய் அங்கேயே சோடா உப்பை மறந்தார்.

ஆனந்த் பக்கம் பால் பண்ணை ஒன்று கழித்துப்போட்ட கொப்பரையை வாங்கி வந்து, குலதெய்வத்தின் பெயரில் ‘பகுச்சர் ஸ்பெஷாலிட்டிஸ்’ என்று பலகை மாட்டினார். முதல் வருடம் அவருடைய நுரையடக்கியில் லேசாக நெய் வாசனை வந்ததாகப் பழைய வாடிக்கையாளர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஸ்பெஷாலிட்டி என்ற சொல்லுக்குப் புத்தகங்களில் நீளமான விளக்கம் உண்டு. எங்கள் பேட்டையின் விளக்கம் சுருக்கமானது. டன் கணக்கில் வாங்கிக் கரண்டிக் கணக்கில் விற்கவேண்டும். ‘இதுல என்ன இருக்கு?’ என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ளவேண்டும். கோபித்துக்கொள்ளத் தெரியாதவர்கள் கந்தக அமிலம் விற்கலாம்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு பயம்தான். வேலைக்கு வருகிறவன் இரண்டு வருடம் கொதிகலன் பக்கத்தில் நிற்பான். மூன்றாம் வருடம் எதிர்ச் சாரியில் கொட்டகை போட்டு, அதே சரக்கை ஐந்து ரூபாய் குறைத்து விற்பான். எங்கள் பேட்டையின் பாதி இப்படித்தான் வளர்ந்தது. திரிகம்பாய் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். வந்து இறங்கும் பீப்பாய்களின் ஒட்டுச்சீட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஓர் உறவுமுறையைப் பெயராக வைத்தார்.

விலை அதிகமான சிலிக்கோன் எண்ணெய் ‘மாப்பிள்ளை’. மரியாதை குறையாமல், சூடு மிஞ்சாமல் நடத்தவேண்டும். காற்றில் பறந்து எல்லார் மூக்கிலும் ஏறும் வெள்ளைத் தூள் ‘மச்சினன்’. ஒட்டாத எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் பசை ‘அத்தை’. சரக்கைக் கெட்டியாக்கும் மாவு ‘சம்பந்தி’. கொஞ்சம் கொஞ்சமாக உபசரித்து உள்ளே விடவேண்டும், அவசரப்பட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கட்டி கட்டியாக நின்றுவிடும்.

ஆகவே பகுச்சர் ஆலைக்குள் காதை வைத்தால் இப்படிக் கேட்கும்:

“சோமா, அத்தைய இறக்கியாச்சா?”

“இறக்கியாச்சு சேட். ஆனா மாப்பிள்ளை இன்னும் சூடாகல.”

“சூடாகாம மச்சினன உள்ள விட்டே, உன்ன வெளிய விட்டுடுவேன்.”

சோமா வசாவா ராஜ்பிப்லாப் பக்கத்து மனிதர், கொதிகலனுக்குத் தலைமை. ஒருமுறை திரிகம்பாயின் மகனுக்குப் பெண் கொடுத்த நிஜச் சம்பந்தி, மரியாதைக்கு ஆலையைப் பார்க்க வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து சோமாவின் குரல் வந்தது: “சேட், இந்தச் சம்பந்தி பழசாயிடுச்சு, நாத்தம் தாங்கல! சாக்கடையில தள்ளிடவா?” “தள்ளு தள்ளு, புதுசு வந்துட்டிருக்கு!” என்றார் திரிகம்பாய். செருப்பு மறுபடி காலில் ஏறிவிட்டது. அந்த விரிசலை ஒட்டவைக்க மூன்று பெட்டி பேடாவும் ஒரு நேரடி மன்னிப்பும் தேவைப்பட்டன.

இதெல்லாம் போதாது என்று திரிகம்பாய்க்குத் தோன்றியது. எவனாவது உறவுமுறை மொத்தத்தையும் கண்டுபிடித்துவிட்டால்? எனவே கடைசியாக ஒரு பொருளைச் சேர்த்தார். பெயர் ‘கொள்ளுத்தாத்தா’. ஒவ்வொரு கொதிகலனும் முடியும் தறுவாயில், திரிகம்பாய் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு பித்தளைச் செம்போடு வெளியே வருவார். எல்லாரும் முதுகைத் திருப்பி நிற்பார்கள். அவர் செம்பைக் கொதிகலனில் கவிழ்ப்பார். அதன் பிறகுதான் பீப்பாய்க்கு மூடி.

கொள்ளுத்தாத்தா என்பது அறைக்குள்ளிருந்த மண்பானைத் தண்ணீர். வெறும் தண்ணீர்.

எண்ணெயும் பசையும் மாவும் சேர்ந்தபோதே சரக்கு முடிந்துவிடுகிறது. ஏற்கனவே முக்கால்வாசி தண்ணீராக இருக்கும் சரக்கில் ஒரு செம்பு தண்ணீர் செய்வதற்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் செம்பின் புகழ் பரவியது. ஜேத்பூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும்கூடத் தொலைபேசி வரும்: “பாய், கொள்ளுத்தாத்தா விழுந்துட்டாரா?” கம்பெனி ஒரு கொப்பரையிலிருந்து ஆறு கொதிகலனாக வளர்ந்தது. திரிகம்பாயும் வளர்ந்தார், முக்கியமாகக் குறுக்குவாட்டில்.

ஒரே ஒரு சங்கடம். கொதிகலன் தினமும் முடியும். செம்பும் தினமும் கவிழவேண்டும். மகன் கல்யாணத்துக்கு ராஜ்கோட் போனபோதுகூட, தாலி கட்டிய கையோடு காரில் ஏறித் திரும்பினார். அதாவது மகன்தான் கட்டினான்; இவர் பார்த்த கையோடு.

இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர் மங்குபென், அவர் மனைவி. மகன் ஜிக்னேஷ் கைக்குழந்தையாக இருந்தபோது மஞ்சள் காமாலையில் கிடந்தான். அவன் பிழைத்தால் புருஷனோடு கால்நடையாக நர்மதையைச் சுற்றி வருவதாக மங்குபென் வேண்டிக்கொண்டார். கரையோரமாகவே நடந்து, கடல் முகத்தில் படகேறி, மறுகரை வழியாக ஊற்று வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். பல மாத நடை. பையன் பிழைத்தான், பல் மருத்துவம் படித்தான், இங்கிலாந்தில் லெஸ்டரில் குடியேறினான். நர்மதை வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

“அடுத்த வருஷம்” என்பார் திரிகம்பாய், ஒவ்வொரு கார்த்திகையிலும்.

“கொள்ளுத்தாத்தா லீவு குடுக்கட்டும், அப்புறம் பேசலாம்” என்பார் மங்குபென். அவருக்கு மட்டும் தண்ணீர் விஷயம் தெரியும். பானையைக் கழுவி ரொப்பி அனுப்புவதே அவர்தான்.

போன வருடக் கோடையில் பரூச் மருத்துவர் மங்குபென்னின் முழங்கால் படங்களை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பென், இந்தக் குளிர்காலம் நடக்கலாம். அடுத்த குளிர்காலம் ஆபரேஷன். அதுக்கப்புறம் உங்க நர்மதை, காலனி பார்க்குக்குள்ளதான்.”

அதே கோடையில்தான் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். ரைன் நதிக்கரையில் எங்கோ இருக்கும் பெரிய கம்பெனி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கு டீ ஆறிவிடும். அனுப்பப்பட்டவர் டாக்டர் லோஸே, நெடிதுயர்ந்த பெண்மணி, ரசாயன அறிஞர். எது சொன்னாலும் தலையாட்டி எழுதிக்கொள்வார்.

திரிகம்பாய்க்கு இது தெய்வச்செயலாகப் பட்டது. பல் பிடுங்குகிற மகன் ஆலைக்கு வரப்போவதில்லை. நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, மங்குபென்னோடு கார்த்திகையில் நடக்கக் கிளம்பிவிடலாம். விலையை ஏற்றுவதுதான் பாக்கி. அதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா?

பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தவள் பினல், கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண். முதலாளியைக் ‘காகா’, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவாள்; வாய் கொஞ்சம் நீளம்.

“உங்க சாம்பிளை எங்க லேப்ல பிரிச்சுப் பார்த்தோம்” என்றார் லோஸே. “எண்ணெய், தூள், பசை, மாவு, எல்லாம் கிடைச்சுது. கடைசியா நீங்க ஊத்துறது மட்டும் எந்த மெஷின்லயும் விழல.”

“விழாது” என்றார் திரிகம்பாய், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து. “விழவே விழாது. அது மெஷினுக்கு அகப்படுற சாமான் இல்ல.”

“நீங்க இல்லாட்டி?”

“நான் இல்லாட்டி இது கம்பெனியே இல்ல, தகரக் கொட்டகை. ஆள் வேலை செய்யமாட்டான், சரக்கு பிடிக்காது, சூரத்காரன் போனே எடுக்கமாட்டான். பினல், இத நல்லா அழுத்திச் சொல்லு.”

“காகா, இவங்களுக்கு நாலால வகுக்கத் தெரியாது. பார்த்து.”

“நீ சொல்லு பிள்ளே! விலை ஏறுது.”

விலை ஏறத்தான் செய்தது. எங்கள் பேட்டையில் கேள்விப்படாத தொகை. கையெழுத்துப் போட்டார்கள், பேடா கொடுத்தார்கள், ‘பகுச்சர்’ பலகைக்கு மேலே யாரும் வாசிக்க முடியாத புதுப் பலகை ஏறியது. மறுநாள் பினல் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மங்குபென் நடைக்காக மூட்டைகட்டத் தொடங்கியிருந்தார்.

“காகா, இத முழுசாப் படிச்சீங்களா?”

“விலை எழுதின பக்கத்தப் படிச்சேன்.”

“இது பதினாலாம் பக்கம்.”

“பதினாலாம் பக்கத்துல என்ன இருக்கும்? அச்சடிச்சவன் பேரா?”

“‘இந்த வியாபாரம் முழுக்க திரிகம்பாயை நம்பி இருப்பதாக அவரே சொன்னதால்’ அப்படின்னு ஆரம்பிக்குது. அஞ்சு வருஷம் நீங்க ஆலையிலேயே இருக்கணும். சேர்ந்தாப்புல ரெண்டு நாளைக்கு மேல ஊரைவிட்டுப் போகக்கூடாது. போனா, குடுத்ததுல மூணுல ஒரு பங்கு திரும்பிப் போயிடும்.”

மங்குபென் கையிலிருந்த கம்பளியை மடித்தபடியே கேட்டார்: “அப்ப என்கூட நடக்கப்போறது யாரு? கொள்ளுத்தாத்தாவா?”

மறுநாள் காலை, வாழ்நாளில் முதல்முறையாக, திரிகம்பாய் தன்னைக் குறைத்துச் சொல்லிக்கொள்ள ஆலைக்குப் போனார். பழக்கமில்லாத வேலை; நாக்கு ஒத்துழைக்கவில்லை.

“மேடம், அது தண்ணி.”

லோஸே புன்னகைத்தார். “பெரிய கலைஞர்கள் எல்லாரும் இப்படித்தான். அடக்கம்.”

அடக்கம்! திரிகம்பாயை இப்படி யாரும் திட்டியதில்லை.

“பினல், நிஜமாவே பானைத் தண்ணின்னு சொல்லும்மா.”

“சொல்லிட்டேன் காகா. ‘எங்க பெரிய மெஷின்லயே அகப்படாத பொருள் தண்ணியா இருக்க முடியாது’ங்கறாங்க.”

“தண்ணிக்குள்ள தண்ணி எப்படிடி அகப்படும்?”

“அதத்தான் நீங்க ‘விழவே விழாது’ன்னு அழுத்திச் சொல்லச் சொன்னீங்க.”

வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தவருக்கு மங்குபென் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்தார். “சொல்லி யாரும் நம்பப் போறதில்ல. சொல்லாதீங்க. ஊத்தாதீங்க. அவ்ளோதான்.”

மழைக்காலம் முழுக்க ஆலையில் ஒரு அதிசயம் நடந்தது, யாருக்கும் தெரியாது. கதவு சாத்தும், திறக்கும். எல்லாரும் முதுகைத் திருப்புவார்கள். திரிகம்பாய் காலிச் செம்பைக் கம்பீரமாகக் கவிழ்ப்பார். தண்ணீரை அறைக்குள்ளேயே குடித்துத் தீர்த்திருப்பார். உடம்புக்கு ரொம்ப நல்லது என்று மருத்துவர் பாராட்டினார். சரக்கு சூரத்துக்குப் போனது. ஒரு புகாரும் வரவில்லை. வரும் என்று தினமும் எதிர்பார்த்தார். வராமல் போகப் போக அவருக்குக் கொஞ்சம் சாப்பாடு குறைந்தது.

நவராத்திரி முடிந்ததும் லோஸேயிடம் போனார். மழை தொடங்கியதிலிருந்து போன சரக்கில் எதிலும் கொள்ளுத்தாத்தா இல்லை என்றார். லோஸே இந்தமுறை புன்னகைக்கவில்லை. எடுத்துவைத்த சாம்பிள்களைத் தானே கண்ணாடிக் குழாயில் குலுக்கிப் பார்த்தார். நுரை எழுந்தது; ஒரு சொட்டு விட்டதும் படுத்தது. பழையதும் புதியதும் ஒரே மாதிரி.

“சரக்குக்கு நீங்க வேண்டாம்” என்றார் நிதானமாக. “ஆளுங்களுக்கு? தீபாவளி லீவு முடிஞ்சு முதல் கொதிகலன் போடுறப்ப நீங்க ஆலைக்குள்ள இருக்கக்கூடாது. போன்லயும் கூடாது. அந்தச் சரக்கை சூரத் ஏத்துக்கிட்டா, பதினாலாம் பக்கத்தைக் கிழிச்சுடறேன்.”

திரிகம்பாய் சோமாவைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். இதுவரை யாரும் நுழையாத அறை. பானையிலிருந்து செம்பில் மொண்டு, அவன் கண்ணெதிரே கடகடவென்று குடித்தார்.

“பாத்தியா? தண்ணி. தீபாவளி முடிஞ்சு லாப பஞ்சமிக்குத் திறப்போம்ல, அதுக்கு மறுநாள் முதல் கொதிகலனுக்கு நான் வரமாட்டேன். நீயே மூடி போட்டுடு.”

சோமா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. “தண்ணியா இருக்கலாம் சேட். ஆனா அது நீங்க ஊத்துற தண்ணி.”

“யார் ஊத்தினாலும் தண்ணி தண்ணிதான்டா!”

“அப்ப இத்தனை வருஷமா எங்கள ஏன் முதுகத் திருப்பச் சொன்னீங்க?”

திரிகம்பாய் பானையின் மூடியைச் சரிசெய்தார். “என் மேல தப்புடா” என்று சொல்ல வாயெடுத்து, பழக்கதோஷத்தால், “அது பெரிய கதை” என்றார். பிறகு செம்பைக் கீழே வைத்தார். “சோமா, மங்குபென்னுக்கு முட்டி போயிட்டிருக்கு. இந்த வருஷம் விட்டா அவளால நடக்க முடியாது. நீ மூடி போட்டாதான் நான் போகமுடியும்.”

சோமா தலையைச் சொறிந்தான். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சேட்.”

லாப பஞ்சமிக்குப் பேட்டை திறந்தது. சாமி கும்பிட்டு, எந்திரங்களுக்குக் குங்குமம் வைத்து, எல்லாரும் எல்லாரிடமும் புதுவருடத்தில் எவ்வளவு சம்பாதிக்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். திரிகம்பாயிடம் மைக் வந்தபோது, தொண்டை சரியில்லை என்று அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். எதிர்ச் சாரியில் பலர் கவலைப்பட்டார்கள்.

மறுநாள் காலை அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வழக்கமான நேரத்துக்கு வாசல் வரை போய், மறுபடி உள்ளே வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. மங்குபென் கீழே உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நடை தொடங்கவேண்டிய கார்த்திகை ஏகாதசிக்கு இன்னும் சில நாள்தான். அடுப்படியில் கட்டுச்சோறாகக் கொண்டுபோகும் தேப்லா ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்திருந்தது.

“இந்நேரம் மாப்பிள்ளை சூடாகியிருப்பார்” என்றார் திரிகம்பாய், யாரையும் பார்க்காமல்.

“ம்.”

“மச்சினன உள்ள விடுற நேரம். சோமா அவசரப்படுவான். எப்பவும் அவசரம் அவனுக்கு.”

“ம்.”

அவர் மனதுக்குள் அப்போது என்ன ஓடியது என்பதை மங்குபென் பிற்பாடு காலனிப் பெண்களிடம் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். நுரை பொங்கவேண்டும் என்று அந்த மனிதர் ஊஞ்சலில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தாராம். கொஞ்சமாவது. ஒரு படி இறங்குகிற அளவுக்காவது.

மதியம் கிச்சடி ஆறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. திரையில் சோமாவின் பெயர். திரிகம்பாய் பாய்ந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது. கார் சாவி வெள்ளைச் சட்டையின் பையிலேயே இருந்தது. பத்தே நிமிடம், கதவைத் திறந்துகொண்டு நுழைந்தால் எல்லாரும் முதுகைத் திருப்புவார்கள்.

அடித்துக்கொண்டே இருந்தது. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி மறுபடி எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மங்குபென், கையை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்.

திரிகம்பாய் தொலைபேசியைக் கட்டில்மேல் குப்புறப் போட்டார். மேலே ஒரு தலையணையையும் வைத்தார். அது தலையணைக்கடியில் இன்னும் கொஞ்சம் முனகிவிட்டு ஓய்ந்தது.

“தேப்லாவுக்கு வெந்தயக்கீரை போட்டியா?” என்றார்.

“போடாம?”

செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுப்படிக்குள் போய் மாவை உருட்டத் தொடங்கினார். வட்டமாக வரவில்லை. மங்குபென் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்ததை எடுத்தார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் காலனிக்கு வெளியே நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது ஒரு லாரி, பகுச்சரின் நீலப் பீப்பாய்களோடு. ஒவ்வொன்றுக்கும் மூடி இறுகப் போட்டிருந்தது. சூரத் போகிற லாரி. திரிகம்பாய் மாவுக் கையோடு ஜன்னலில் நின்று, அது மறையும்வரை பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து மங்குபென்னின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பழகிக்கொள்ளட்டும் என்று இருவரும் காலனியைச் சுற்றி மெதுவாக நடந்தார்கள்.